கமலா அக்காவின் மாவு அடுக்கு
வரி பாக்கி வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்கப்படுவது எப்படி?

மதுரைப் பக்கத்துக் காம்பவுண்டு வீடு ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றி ஆறு குடித்தனம். கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் இருப்பது கமலா அக்கா வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அரிசியும் உளுந்தும் கொண்டுபோய்க் கொடுப்போம். அக்கா அத்தனையையும் ஒன்றாக ஊறப்போட்டு, ஒன்றாக அரைத்து, ஒரே அடுக்கில் கரைத்து வைத்துவிடுவார். யார் எத்தனை படி கொடுத்தார்கள் என்பது நாற்பது பக்க நோட்டில் இருக்கும். காலையில் கிண்ணத்தோடு போய் நின்றால், நம் கணக்கில் இருப்பதைக் கரண்டிக் கணக்கில் ஊற்றித் தருவார்.

காம்பவுண்டுக்குப் பொதுச் செலவும் உண்டு. மோட்டார் கரண்ட் பில், சாக்கடை அடைப்பு, வாசல் விளக்கு. ஒவ்வொரு வீட்டின் பங்கையும் கணக்குப் போட்டு வசூலிப்பவர் மாடிவீட்டுத் தாத்தா. என் பங்கு சில மாதமாக நிலுவை.

ஒரு நாள் காலை கிண்ணத்தை நீட்டுகிறேன். அக்கா கரண்டியை எடுக்கவில்லை. "தம்பி, உன் கணக்குல இருக்கிற மாவைத் தனக்குத் தரணும்னு தாத்தா சீட்டுக் கொடுத்திருக்கார். நான் என்ன பண்ண முடியும்? நீ அவர்கிட்டயே பேசிக்க."

காசுக்குப் பதில் மாவா என்று கேட்காதீர்கள்; இந்தக் காம்பவுண்டில் மாவுதான் நாணயம். வரி பாக்கிக்காக வங்கிக் கணக்கு முடக்கப்பட்டவர்கள் கிளை மேலாளரிடம் கேட்ட பதிலும் ஏறக்குறைய அக்கா சொன்னதுதான். "வருமான வரி ஆபீஸ்ல பேசிக்குங்க சார்." அவர் கைகழுவுவதாகத்தான் நமக்குத் தோன்றும். சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை என்பதுதான் விஷயம். அது ஏன் என்று பார்ப்போம்.

அடுக்கில் இருப்பது யார் மாவு?

நான் கொடுத்த அரிசி இப்போது எங்கே? யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அடுத்த வீட்டு அரிசியோடு கலந்து, அரைபட்டு, புளித்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது ஓர் உரிமை மட்டுமே: நான் கேட்டால் அக்கா இத்தனை கரண்டி தர வேண்டும். அதாவது, அக்கா எனக்குக் கடன்பட்டவர்.

வங்கிக் கணக்கும் இப்படித்தான். 'என் பணம் பேங்கில் இருக்கிறது' என்கிறோம். சட்டம் அதை 'வங்கி எனக்குத் தர வேண்டிய கடன்' என்று படிக்கிறது. 1848இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் வங்கியை வாடிக்கையாளருக்குக் கடனாளி என்றே வைத்தது. அந்தக் கருத்துதான் இங்கும் நிலைத்திருக்கிறது.

இதில் பிடி கிடைத்துவிட்டால் மீதி எளிது. அரசு நம் பெட்டிக்குள் கைவிட்டுப் பணத்தை எடுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம் கடனாளியிடம் போய், "அவருக்குத் தர வேண்டியதை எனக்குத் தா" என்கிறது. தாத்தா என் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. நேராகக் கமலா அக்கா வீட்டுக்குப் போனார்.

பால்காரருக்கும் நான் பாக்கி வைத்திருக்கிறேன் என்று வையுங்கள். அவரும் அக்காவிடம் போய்க் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் அதற்கு முன் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பிறகு என் கடனாளியிடமிருந்து வசூலிக்கத் தனியாக ஓர் உத்தரவும் வாங்க வேண்டும். தாத்தாவுக்கு அந்த நடை கிடையாது. அவர் எழுதும் சீட்டே உத்தரவு. வரித் துறைக்கும் மற்ற கடன்காரர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

பாக்கி எப்போது பாக்கி ஆகிறது?

தாத்தா எடுத்த எடுப்பில் அக்காவிடம் போய்விட முடியாது. முதலில் என் பெயருக்கு ஒரு சீட்டு வர வேண்டும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அந்தச் சீட்டின் பெயர் 156ஆம் பிரிவின் கீழ் வரும் கோரிக்கை நோட்டீஸ். பேச்சு வழக்கில் டிமாண்ட் நோட்டீஸ். அதிகாரி விசாரித்து உத்தரவு போட்ட பிறகுதான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் தாக்கல் செய்த கணக்கை வருமான வரித் துறையின் பெங்களூரு செயலாக்க மையம் கணினியில் சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பில் 'இவ்வளவு கட்ட வேண்டும்' என்று ஒரு தொகை இருந்தால், அதுவே கோரிக்கை நோட்டீஸ்தான். நம்மிடம் பிடித்த டி.டி.எஸ். தொகையை, பிடித்தவர் ஒழுங்காகக் கணக்கில் ஏற்றாமல் விட்டாலே போதும், இப்படி ஒரு பாக்கி முளைத்துவிடும்.

நோட்டீஸ் கையில் சேர்ந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். வரிக்கு ஆபத்து என்று அதிகாரி கருதினால், மேலதிகாரியின் முன் ஒப்புதலோடு அதைக் குறைக்கவும் முடியும். 30 நாள் கழிந்தும் கட்டாவிட்டால், மாதத்துக்கு 1 சதவீதம் தனி வட்டி ஓடத் தொடங்கும். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்குதான். 1,00,000 ரூபாய் பாக்கி என்றால் மாதம் 1,000 ரூபாய். கூடவே நமக்கு ஒரு பட்டமும் வந்து சேரும்: 'வரி கட்டத் தவறியவர்'. சட்டத்தின் கண்ணில் இந்தப் பட்டம் விழுந்த பிறகுதான் கமலா அக்கா வீட்டுக் கதவு தாத்தாவுக்குத் திறக்கிறது.

வரித் துறையின் நோட்டில் எவ்வளவு பழைய பாக்கி கிடக்கலாம்? 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னதைக் கேளுங்கள். சரிபார்க்கப்படாத, தகராறில் உள்ள சின்னச் சின்ன நேரடி வரிக் கோரிக்கைகள் பல, 1962 வரை பின்னோக்கிப் போகின்றன என்றார். 2009-10 நிதியாண்டு வரையிலானவற்றில் 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரையிலானவற்றில் 10,000 ரூபாய் வரையும் உள்ள கோரிக்கைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். சுமார் ஒரு கோடிப் பேருக்குப் பயன் கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. மளிகைக் கடைக்காரர் அப்பா காலத்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போகட்டும்" என்று சில பக்கங்களைக் கிழித்தது போல.

சீட்டு அக்காவிடம் போனதும்

அக்காவுக்குப் போகும் சீட்டு 226ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் இருக்கிறது. வக்கீல்கள் இதைக் கார்னிஷி நோட்டீஸ் என்பார்கள். டி.வி. சமையல் நிகழ்ச்சியில் கொத்தமல்லி தூவிவிட்டு 'கார்னிஷ் பண்ணியாச்சு' என்கிறார்களே, அதே வேர்ச்சொல்தான். பழைய பிரெஞ்சில் அதற்கு ஆயத்தப்படுத்துவது என்றும் எச்சரிப்பது என்றும் பொருள். ஆயத்தப்படுத்தியது அடுப்படிப் பக்கம் வந்து அலங்காரமானது. எச்சரித்தது கோர்ட்டுப் பக்கம் போய் நோட்டீஸ் ஆனது.

அந்தச் சீட்டு அக்காவை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள்.

முதலாவது, இன்று அடுக்கில் உள்ள மாவு மட்டும் இதில் அடங்கவில்லை. 'இனிமேல் வந்து சேரக்கூடியது' என்பதும் சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது. கணக்கில் 60,000 ரூபாய்தான் இருக்கிறது, பாக்கி 1,00,000 என்றால், அடுத்த ஒன்றாம் தேதி வரும் சம்பளமும் வந்த வேகத்தில் சிக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாஸ் புக்கோ டெபாசிட் ரசீதோ கொண்டு வா என்று வங்கி கேட்டு இழுத்தடிக்க முடியாது. வங்கிக்கும் அஞ்சல் அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

மூன்றாவதுதான் கடுமையானது. சீட்டு வந்த பிறகு, அக்கா இரக்கப்பட்டு எனக்கு இரண்டு கரண்டி ஊற்றிவிட்டால், அந்த அளவை அவர் தன் சொந்த மாவிலிருந்து தாத்தாவுக்குத் தர வேண்டும். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்துவிட்டால் அவரே வரி கட்டத் தவறியவர் ஆகிவிடுவார். கிளை மேலாளரின் முகம் ஏன் அப்படி இறுகிக் கிடக்கிறது என்பது இப்போது புரியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு மறுப்பு உண்டு. "இந்தத் தம்பிக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை" என்று சத்தியம் செய்து எழுதித் தரலாம். பொய் என்று தெரிந்தால் அவர் தலையில் விடியும். "தம்பி பங்குக் கணக்கே தப்பாம்" என்று என் சார்பில் வாதாட அவருக்கு இடமில்லை. என் பாக்கி சரியா, தவறா என்பதை அளக்கும் கரண்டி அவரிடம் இல்லை. மாவைக் கொடுத்ததற்குத் தாத்தா ரசீது தருவார். அந்த அளவுக்கு எனக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று அக்கா நோட்டில் அடித்துவிடலாம்.

சீட்டின் நகல் எனக்கும் அனுப்பப்பட வேண்டும். எந்த முகவரிக்கு? துறைக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு. பலருக்குச் செய்தி காசோலை திரும்பிய பிறகோ, வீட்டுக் கடன் தவணை தவறிய பிறகோதான் தெரியவருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இந்தப் பழைய முகவரிதான்.

எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது?

அடுக்கில் மட்டும்தான் மாவு இருக்கும் என்றில்லை. சமையலறை முழுக்கப் பார்ப்போம்.

பங்கு மாவு: நானும் என் அண்ணியும் சேர்த்து ஒரே பெயரில் அரிசி கொடுத்திருந்தால்? கூட்டுக் கணக்குக்கும் சீட்டுப் போகும். வேறு விதமாக நிரூபிக்கும் வரை ஆளுக்குச் சரிபாதி என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. நகல் எல்லாக் கூட்டாளிகளுக்கும் போக வேண்டும். முழுவதும் தன் அரிசி என்றால் அண்ணிதான் கணக்குக் காட்ட வேண்டும்.

ஊறுகாய் ஜாடி: ஃபிக்ஸட் டெபாசிட் என்பது ஊறிக்கொண்டிருக்கும் மாவடு. ஜாடிக்கும் சீட்டு ஒட்டலாம். ஆனால் பணம் தர வேண்டிய நாளுக்கு முன்பே தந்தாக வேண்டும் என்று நோட்டீஸ் கெடு வைக்கக் கூடாது என்கிறது 226(3). மாவடு ஊறும் நாள் வரை சீட்டோடு காத்திருக்கும்.

அக்காவின் வாக்கு: "அவசரம்னா பத்துக் கரண்டி வரைக்கும் கடனா வாங்கிக்க தம்பி" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துக் கரண்டியைத் தாத்தா கேட்கலாமா? முடியாது. அது எனக்கு வர வேண்டிய மாவே இல்லை. வாங்கினால் நான்தான் கடனாளி. ஓவர்டிராஃப்ட் வசதியில் எடுக்காமல் மிச்சம் இருக்கும் வரம்புக்கும் இதே நியாயம். இதைத் தெளிவாகச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடப்பில் இருந்த நாளில், கே.எம். ஆதம் வழக்கில், பயன்படுத்தாத ஓவர்டிராஃப்ட் வங்கியைக் கடனாளி ஆக்கிவிடாது என்று தீர்ப்பளித்தது. சிறுதொழில் நடத்துபவர்கள் ஓவர்டிராஃப்டில்தான் மூச்சு விடுகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய தீர்ப்பு இன்றும் கவசம்.

மூடி போட்ட டப்பா: அக்கா ஃப்ரிட்ஜில் என் பெயர் எழுதி, நான் பூட்டி வைத்த டப்பா ஒன்று இருந்தால், அது கடன் கிடையாது, என் பொருள். வங்கி லாக்கர் அந்த ரகம். அதைத் தொட இந்தச் சீட்டு போதாது. சட்டத்தில் அதற்கு வேறு வழிகள் உண்டு.

அடுக்குக்கு வரும் முன்: சம்பளம் கணக்குக்கு வருவதற்கு முன்பே, வேலை கொடுப்பவரிடம் பிடித்துக் கட்டச் சொல்ல 226இன் 2ஆம் உட்பிரிவு இடம் தருகிறது. அங்கே மட்டும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விலக்கி வைக்கும் சம்பளப் பகுதியைத் தொடக் கூடாது. வங்கிக் கணக்குக்கு வரும் சீட்டில், 'வீட்டுச் செலவுக்கு இவ்வளவை விட்டுவிடு' என்று 226(3) தொகை எதையும் குறிப்பிடவில்லை.

எங்கே தடுப்பது?

அக்காவின் வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. தடுக்க வேண்டிய இடம் அதற்கு முன்னால், அந்த 30 நாளுக்குள் இருக்கிறது.

பாக்கி உண்மை, கையில் காசு இல்லை என்றால், கெடு முடிவதற்கு முன்பே தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். கணினிக் கணக்கில் வெளிப்படையான பிழை என்றால், 154ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் பக்கம் உண்டு. 'ஏற்கவில்லை' என்று காரணத்தோடு அங்கே பதிய வேண்டும். உத்தரவே தவறு என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

இங்கேதான் பலருக்கு அடி சறுக்குகிறது. மேல்முறையீடு போட்டுவிட்டால் வசூல் தானாக நின்றுவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். நிற்காது. வசூலை நிறுத்தி வைக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 சுற்றறிக்கைப்படி, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்தி வைப்பது பொது வழக்கம். 2016இல் இது 15 சதவீதமாக இருந்தது. 20 என்பது கல்லில் பொறித்த எண் கிடையாது. தகுந்த வழக்கில் அதற்குக் குறைவாகவும் ஏற்கலாம் என்று எல்.ஜி. எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தாத்தாவின் அவசரத்துக்கும் கடிவாளம் உண்டு. மேல்முறையீட்டுக்கான கெடு முடிவதற்கு முன்போ, நிறுத்தி வைக்கும் மனுவை முடிவு செய்வதற்கு முன்போ வசூலில் இறங்கக் கூடாது என்று யு.டி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் வழக்கில் 2012இல் மும்பை உயர் நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. மார்ச் மாதக் கடைசியில் வசூல் இலக்கை எட்டும் ஓட்டத்தில் கணக்குகள் முடக்கப்படும்போது, ஆடிட்டர்களும் வக்கீல்களும் நீட்டும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

சீட்டு ஒட்டியாகிவிட்டது, பாக்கியையும் கட்டியாகிவிட்டது என்றால் வேலை முடிந்ததா? முடியவில்லை. சீட்டு கொடுத்த கைதான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். கட்டிய சலானை வங்கியில் காட்டினால் கணக்கு திறக்காது. அதிகாரியிடம் காட்டி, வங்கிக்கு விடுவிப்புக் கடிதம் போகிறதா என்று பின்தொடர வேண்டும்.

அடுத்த அடுப்புகள்

ஜி.எஸ்.டி.யிலும் இதே சமையல்தான், பாத்திரம் வேறு. 79ஆம் பிரிவின்படி டி.ஆர்.சி.-13 என்ற படிவத்தில் வங்கிக்குச் சீட்டுப் போகும். அதற்கு முன் உத்தரவு கிடைத்ததிலிருந்து மூன்று மாதம் பொதுவான அவகாசம். ஆனால் அங்கே 83ஆம் பிரிவு என்று இன்னொன்று இருக்கிறது. பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு முடிக்கும் முன்பே, 'இவன் காலி செய்துகொண்டு போய்விடுவான்' என்ற ஐயத்தில் மாவை நிறுத்திவைப்பது அது. ஓராண்டு வரைதான் அதற்கு உயிர். இது கொடூரமான அதிகாரம், கையில் உருப்படியான ஆதாரம் இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்று ராதா கிரிஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் எச்சரித்தது.

பிரிட்டனில் வேறு கைப்பக்குவம். இப்படி நேரடியாக எடுக்கும் அதிகாரத்தை 2014 பட்ஜெட்டில் அறிவித்தபோது அங்கே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2015இல் சட்டமானபோது நிபந்தனைகள் கூடியிருந்தன: கடன் 1,000 பவுண்டாவது இருக்க வேண்டும், கணக்குகளில் குறைந்தது 5,000 பவுண்டை விட்டுவைக்க வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும், ஆட்சேபிக்க 30 நாள். அமெரிக்காவில் வரித் துறையின் ஆணை வந்ததும் வங்கி பணத்தை 21 நாள் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அனுப்பும். அதாவது, அந்த இரண்டு நாடுகளிலும் சீட்டு அக்கா கைக்கு வந்த பிறகும் மூச்சு விட நேரம் இருக்கிறது. நம் 226(3)இல் அந்த நேரம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுத் தீர்ந்துபோகிறது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் இருப்பது 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். இங்கே சொன்ன வருமான வரிப் பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை; புதியதில் எண்கள் வேறு. கமலா அக்கா வீட்டுக்குப் போகும் வழி மாறவில்லை.

காம்பவுண்டுக்குத் திரும்புவோம். அக்காவிடம் கோபித்துக்கொண்டு மாடியேறிப் போனேன். தாத்தா பதற்றமில்லாமல் நோட்டைப் புரட்டினார். "போன மாசமே சீட்டு அனுப்பினேனே. அஞ்சாம் நம்பர் வீடுதானே நீ?"

ஐந்தாம் நம்பரிலிருந்து இரண்டாம் நம்பருக்கு மாறி ஒரு வருஷம் ஆகிறது. தாத்தாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். கீழே இறங்கிப் பார்த்தால், பூட்டிக் கிடக்கும் ஐந்தாம் நம்பர் கதவு இடுக்கில் மஞ்சளாகிப்போன சீட்டு செருகியபடியே இருந்தது. அதிலிருந்த கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

உங்கள் கதவு எண்ணை, அதாவது துறையின் தளத்தில் பதிந்துள்ள முகவரியையும் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும், இன்று இரவு மாவு கரைத்து வைத்த கையோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.